மூதூரில் எடுத்த புகைச் சான்றிதழ்

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு களஞ்சியத்தில், லொறிகளை நிறுக்கும் தராசடியில் பிரதீபன் வேலை செய்கிறார். நானும் அங்கேதான். என் பெயர் அப்ராஸ், ஊர் கிண்ணியா. ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் ஏழு வருடமாக நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருக்கிறோம். அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் பிரதீப் அண்ணன்.

வேலையில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. லொறிக்காரன் நீட்டும் துண்டுச் சீட்டில் ஒரு இலக்கம் அழித்து எழுதப்பட்டிருந்தால், அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "தம்பி, இதில முதல் என்ன இருந்தது?" என்று மெதுவாகக் கேட்பார். அந்த மெதுவான குரலுக்குப் பயந்தே பல சாரதிகள் என் பக்கத்து ஜன்னலுக்கு வருவார்கள்.

ஆனால் அவரிடம் ஒரு குணம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்தவனுக்கு ஒன்று கிடைத்துவிட்டால் அவருக்குத் தாங்காது. அது கெட்டுப்போகட்டும் என்று நினைக்கிற ஆள் இல்லை. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் கண்ணில் பட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிற விதமே வேறாக இருக்கும். நான் வீட்டு விறாந்தைக்கு டைல்ஸ் பதித்ததைச் சொன்னபோது, "நல்லது" என்றார். அடுத்த மூன்று நாளும் லொறி இலக்கம் தவிர வேறொன்றும் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் தானாகவே ஒரு வடையை என் பக்கம் தள்ளிவிட்டு, "டைல்ஸ் வழுக்காதோ?" என்று கேட்டார்.

மனைவி விஷயத்தில் இந்தக் குணம் இன்னும் ஆழமாக இருந்தது. ஜெனிதா அக்கா மூதூர்க்காரி. இவர்களுக்கு இரண்டாயிரத்துப் பதினாறில் கலியாணம் நடந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், சாம்பல்தீவைச் சேர்ந்த கிறிஸ்தோபர் என்ற ஒருவருக்கு அவவைப் பேசியிருந்தார்கள். மோதிரம் மாற்றுகிற நாள்கூடக் குறித்தாகிவிட்டது. பிறகு மாப்பிள்ளை வீட்டார் சீதன வீட்டை முதலில் எழுதச் சொன்னதில் அது நின்றுபோனது. இதையெல்லாம் ஜெனிதா அக்காவே கலியாணத்துக்கு முன்னர் பிரதீபனிடம் சொல்லியிருந்தா. "அது பழைய கதை" என்று அவரும் பெரிய மனதோடு சொல்லியிருக்கிறார். ஆனால் கலியாணமான பிறகு எட்டு வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவன் உயரமோ? நல்லாப் பாடுவானோ? வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சவனோ? ஒருநாள் ஏதோ கதையில் அக்கா அந்தப் பெயரை வாய்தவறிச் சொல்லிவிட, இவர் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு பாலையூற்றிலிருக்கும் அவர்கள் வீட்டுக்குள் அந்தப் பெயர் வந்ததேயில்லை.

போன வருடம் ஏப்ரலில் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புதியது எடுப்பதை எங்களைப் போன்றவர்கள் கனவிலும் நினைக்க முடியாத காலம் அது. இறக்குமதி நின்று வருடக்கணக்காகி, பழைய வண்டிகளே பவுண் மாதிரி விலை போயின. அவருக்குக் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வரவேண்டும். பஸ்ஸை நம்பி இரண்டு தடவை பிந்தி வந்து மேலாளரிடம் பேச்சு வாங்கினார்.

என் சொந்தக்காரன் றிஸ்வி, கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கொட்டகை போட்டுப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிறான். மே மாதம் ஒருநாள் அவனே எனக்கு போன் எடுத்தான்.

"மச்சான், ஒரு சாமான் வந்திரிக்கு. தொடக்கத்திலேர்ந்து ஒராள்ட கைதான். உன்ட பிரதீபன் அண்ணனக் கூட்டிட்டு வா. வேற ஆருக்கும் இன்னும் காட்டல்ல."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் காத்திருக்க, பிரதீபன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு ரோச் லைட், சட்டைப் பையில் வெள்ளைக் கைலேஞ்சி. வண்டி கறுப்பு, இரண்டாயிரத்துப் பதினைந்தில் பதிந்தது. அவர் முதலில் இயந்திரத்தில் கையை வைத்துப் பார்த்தார். முன்னாலேயே சூடாக்கி வைத்தால் ஸ்டார்ட் ஆவதில் உள்ள குறை தெரியாதாம். குளிர்ந்துதான் இருந்தது. ஒரே உதையில் பிடித்தது. சைலன்சர் வாயில் கைலேஞ்சியைப் பிடித்தார், கறுப்புப் படியவில்லை. பிறகு குந்தியிருந்து ரோச் அடித்துச் சட்டத்தில் குத்தியிருக்கும் இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. அதே பக்கத்தில் உரிமையாளர் பெயரும் இருந்தது. நான் பார்த்தேன், அந்த நேரம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"புகைச் சேர்ட்டிபிக்கட் இருக்குதோ?" என்று கேட்டார் பிரதீபன்.

வண்டிக்கு வருட லைசன்ஸ் எடுப்பதற்கு ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனை செய்யவேண்டும். பெரும்பாலானோர் லைசன்ஸ் கையில் கிடைத்ததும் அந்தக் கடதாசியை எறிந்துவிடுவார்கள். றிஸ்வி பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். இரண்டாயிரத்துப் பதினேழிலிருந்து ஒரு வருடமும் விடாமல் அடுக்கி வைத்திருந்தது. பிரதீபனின் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு கடதாசியிலும் அன்றுவரை வண்டி ஓடியிருந்த தூரம் பதிந்திருக்கும். அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"பாரும் அப்ராஸ். வருசத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம். ஒரே சீராய் ஏறுது. மீற்றரைத் திருப்பியிருந்தால் இப்பிடி வராது. இவன் ஒழுங்கான மனிசன்."

இதைச் சொல்லிக்கொண்டேதான் என் கையிலிருந்த பதிவுப் புத்தகத்தை வாங்கினார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் அந்தப் பக்கத்தை, அழித்தெழுதிய லொறித் துண்டைப் பிடிப்பதுபோல, தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தார். மரியதாஸ் கிறிஸ்தோபர், சாம்பல்தீவு.

புத்தகத்தை மூடிவிட்டு அவர் புகைச் சான்றிதழ்களை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை தூரத்தை வாசிக்கவில்லை. திகதியையும் இடத்தையும் வாசித்தார். பதினேழில் திருகோணமலை. பதினெட்டிலும் அப்படித்தான். பத்தொன்பதிலிருந்து எல்லாமே மூதூர். ஜூன் பத்து, ஜூன் பதினொன்று, ஜூன் எட்டு. கைபேசியை எடுத்து ஒவ்வொன்றையும் படம் பிடித்தார். வியாபாரம் படிந்துவிட்டது என்று நினைத்து றிஸ்வி சோடா எடுக்க ஓடினான்.

அவன் வந்ததும் பிரதீபன், "வேண்டாம் றிஸ்வி. நிறம் பிடிக்கேல்ல" என்றார்.

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார். மூதூர் அந்தோனியார் கோயில் திருவிழா ஜூன் பதின்மூன்று. ஒவ்வொரு வருடமும் கொடியேற்றத்துக்கு ஜெனிதா அக்கா மகளோடு தாய் வீட்டுக்குப் போய்விடுவா, திருவிழா முடிந்துதான் வருவா. இவருக்கு லீவு கிடைப்பதில்லை. கடைசி நாள் மட்டும் போய்க் கூட்டிவருவார்.

"சாம்பல்தீவில இருக்கிறவனுக்கு டவுனில டெஸ்ட் எடுக்க இடமில்லையோ? அவ்வளவு தூரம் ஏன் மூதூருக்குப் போறான்? அதுவும் அந்தக் கிழமையில?"

"அண்ணன், லைசன்ஸ் ஜூன்ல முடிஞ்சா ஒவ்வொரு வருசமும் ஜூன்லதானே டெஸ்ட் எடுப்பாங்க. வேற எப்ப எடுக்கிற?"

அவர் கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார். அது இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டுச் சான்றிதழ். அதில் மட்டும் ஆகஸ்ட் மாதம் என்றிருந்தது.

"அந்த வருசம் ஊரடங்கு. திருவிழாக்குப் போகேலாமப் போச்சு. ஜெனி ஆகஸ்ட்டிலதான் தாய் வீட்டுக்குப் போனவள். இவனும் ஆகஸ்ட்டில அங்க நிக்கிறான். இதுக்கு என்ன சொல்லுறீர்?"

ஊரடங்கில் லைசன்ஸ் கந்தோரும்தான் பூட்டியிருந்தது, ஊரில் எல்லாருக்கும்தான் எல்லாம் பிந்தியது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். சரியான விடையை அவர் தேடவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் அவரிடம் கேட்டேன்: "நீங்க எடுக்காட்டி அந்த வண்டிய நான் எடுக்கட்டா?"

"எடும். எனக்கென்ன?" என்றார்.

எடுத்தேன். நல்ல வண்டி, விடுவதற்கு மனம் வரவில்லை. அவர் இழந்ததை நான் பெற்றதில் எனக்குள்ளும் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது என்பதை இப்போது ஒளிக்கத் தேவையில்லை. முதல் நாள் அதைக் கொண்டுவந்து தராசடி மதிலோரம் நிறுத்தியபோது, அவர் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே கிழமை அவரும் ஒரு வண்டி வாங்கினார். இணையத்தில் விளம்பரம் பார்த்து, டவுனில் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாங்கிய பளபளக்கும் சிவப்பு வண்டி. மீற்றர் முப்பத்தோராயிரம் காட்டியது. புகைச் சான்றிதழ் ஒன்றுகூட இல்லை, இவர் கேட்கவும் இல்லை. புத்தகத்தில் வேறு யாருடையதோ பெயர் இருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. லொறித் துண்டில் ஒரு புள்ளி பிசகினால் பிடிக்கிற மனிதர், இந்தத் தடவை ரோச் லைட்டைக் கொண்டுபோகவே இல்லை.

ஜூன் தொடங்கியது. வீட்டில் நடந்ததை அவர் பிறகு எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார், நான் கோர்த்துச் சொல்கிறேன். அக்கா அறைக்குள் உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தா. இவர் வாசலில் நின்றார்.

"இந்த வருசமும் போறியோ?"

"ஓம். நாளைக்குக் கொடியேத்தம்தானே."

இவர் கைபேசியைக் கட்டிலில் வைத்தார். "இதைப் பார்."

அவ குனிந்து பார்த்தா. "புகைச் சேர்ட்டிபிக்கட்."

"ஆற்ற வண்டி?"

இலக்கத்தைப் பார்த்தவுடன் அவவுக்குத் தெரிந்துவிட்டது. மறைக்கவில்லை. "கிறிஸ்தோபற்ற."

"வண்டி நம்பரும் பாடமோ?"

அவ மகளின் சட்டையை மடித்தா.

"நீ அவனை அங்க காண்றனியோ?"

"ஓம். ஒவ்வொரு வருசமும் காண்றனான்."

அவ இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன் என்று அவர் என்னிடம் சொன்னார். ஓம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு அவர் என்னென்னவோ சத்தம் போட்டிருக்கிறார். என்ன சொன்னார் என்பதை இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. மகள் பயந்து குசினிக்குள் போய் நின்றுகொண்டதை மட்டும் சொன்னார்.

அக்கா பையை மூடினா. ஓட்டோ வந்ததும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னா: "இதை நானே உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு கன நாளாய் நினைச்சனான். நீங்கள் இப்ப கதைச்ச கதைக்குப் பிறகு சொல்ல மாட்டன். தெரியவேணுமெண்டால் நீங்களே போய் விசாரிச்சுக்கொள்ளுங்கோ."

அதற்குப் பிறகு ஒரு கிழமை இவர் போன் எடுக்கவில்லை. அங்கிருந்தும் வரவில்லை. வேலையில் என்னோடு கதையில்லை. சாப்பாட்டு நேரத்தில் கைபேசியைத் திறந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தானாகவே, "இருபத்தொன்றில ஆறாயிரத்து அறுநூறு ஓடியிருக்கிறான். மற்ற வருசத்தைவிடக் கூட" என்றார். ஏன் கூடியது என்று அவர் ஒரு கணக்குப் போட்டுவிட்டார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

ஜூன் பத்தாம் திகதி அவருடைய சிவப்பு வண்டியின் லைசன்ஸ் முடிந்தது. வேலை முடிந்து டவுனில் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். சைலன்சருக்குள் குழாயை விட்டு இரண்டு தரம் பார்த்தார்கள், இரண்டு தரமும் தவறிவிட்டது. கணினியின் முன்னால் இருந்த பெண், வண்டி இலக்கத்தை அடித்ததும் புருவத்தைச் சுருக்கினா.

"ஐயா, மீற்றர் மாத்தினீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"போன வருசம் இந்த வண்டி அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் ஓடியிருக்கு. இப்ப முப்பத்தோராயிரம் எண்டு காட்டுது. வண்டி பின்னுக்கா ஓடினது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கராஜ்காரர் திறந்து பார்த்துவிட்டு, இயந்திரத்தைப் பாதி மாற்றினால்தான் இனிச் சரிவரும் என்றார். விற்றவரின் போன் அதற்குப் பிறகு வேலை செய்யவேயில்லை.

அடுத்த நாள் அவர் பஸ்ஸில் வேலைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. மத்தியானம் ஷிப்ட் முடிகிற நேரம், மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மூதூருக்கு ஒருக்கால் போகவேணும். கொண்டுபோய் விடுவீரோ?"

"என்ட வண்டியிலயா, அண்ணன்?"

"வேற எதில?"

மதிலோரம் வந்து கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின்னால் ஏறினார். என் தோளைப் பிடிக்கவில்லை, பின்பக்கக் கரியரைப் பிடித்துக்கொண்டார். கிண்ணியாப் பாலம் தாண்டி, கங்கைப் பாலம் தாண்டி, வயல் வெளிகளுக்கு நடுவே மூதூர் போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள் நுழைந்ததும் அக்காவின் தாய் வீட்டுப் பக்கம் திருப்பப் போனேன்.

"இல்லை. முதல் புகை டெஸ்ட் எடுக்கிற இடத்துக்கு விடும்."

அங்கே மேசையில் இருந்தவர் அவரைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். "இது கிறிஸ்தோபர் அண்ணன்ட வண்டியெல்லோ? வித்திட்டாரா?"

"அவரைத் தெரியுமோ?" என்றார் பிரதீபன்.

"தெரியாமலா? கட்டைபறிச்சான்லதானே கலியாணம் முடிச்சிரிக்கார். ஆறு வருசமா அங்கதான் இரிக்கிற. புத்தகத்தில இன்னும் பழைய விலாசம், மாத்துங்க எண்டு ஒவ்வொரு வருசமும் சொல்ற. கேக்கமாட்டார்."

நான் பெருமூச்சு விட்டேன். பக்கத்துக் கட்டைபறிச்சானில் இருப்பவர் மூதூரில்தான் டெஸ்ட் எடுப்பார், இதற்கு மேல் என்ன இருக்கிறது? இனி நேரே அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"கட்டைபறிச்சானுக்கு விடும்" என்றார்.

"இனி என்னத்துக்கு அண்ணன்?"

"ஆரைக் கட்டியிருக்கிறான் எண்டு பார்க்கவேணும்."

விசாரித்துக்கொண்டு போனோம். முன்பக்கம் மட்டும் பூசிய ஒரு வீடு. வண்டிச் சத்தம் கேட்டதுமே ஒரு பெண் ஈரக் கையோடு வெளியே ஓடிவந்தா. எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டா.

"சத்தத்தைக் கேட்டு அவர்தான் எண்டு..." என்று சொல்லிச் சிரித்தா. கண் கலங்கியிருந்தது. "அவர் கட்டாருக்குப் போய்ப் பதினெட்டு நாள்தான். காது இன்னும் பழகேல்ல."

பிறகு பிரதீபனை உற்றுப் பார்த்தா. "நீங்கள் ஜெனியின்ர அவரெல்லோ? போனில படம் பார்த்திருக்கிறன். வாங்கோ அண்ணா, உள்ளுக்கு வாங்கோ. நான் அருள்மலர். ஜெனியோட ஒண்டாப் படிச்சனான்."

கதிரை போட்டா. தேத்தண்ணி கொண்டுவந்தா. வண்டியை வாங்கியது பிரதீபன்தான் என்று அவ முடிவே கட்டியிருந்தா. நான் வாய் திறக்கவில்லை.

"நீங்கள் எடுத்தது எனக்குப் பெரிய சந்தோசம். அவருக்கு டிக்கட்டுக்காக அதை விக்கவேண்டி வந்திட்டுது. ஆரோ ஒருத்தன்ர கையில போய்ப் பாழாகப் போகுது எண்டு கவலைப்பட்டவர். ஜெனிதான் சொன்னவள், என்ர மனிசனும் வண்டி தேடுறார், றிஸ்வியிட்டக் குடுங்கோ, வேற ஆருக்கும் காட்டாமல் முதல் அவருக்குக் காட்டச் சொல்லுங்கோ எண்டு. அவர் கடதாசி எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார், பேரைக் கண்டால் ஒருவேளை வேண்டாமெண்டும் சொல்லுவார், எண்டாலும் ஒருக்கால் காட்டுங்கோ எண்டவள்."

பிரதீபன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கட கலியாணத்தைப் பேசினதும் அவள்தானே" என்று அருள்மலர் தொடர்ந்தா. "அவர் சீதனம் கேக்கேல்ல, அவற்ற மூத்த அண்ணன் செய்த வேலை. அதால மனிசன் எட்டு மாதம் வீட்டோட கதைக்கேல்ல. ஜெனி உங்களைக் கட்டின பிறகு ஒரு திருவிழாவில என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்கு அறிமுகம் செய்துவைச்சவள். உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்" என்றார் பிரதீபன். "தெரியும்."

சுவரில் அவர்களுடைய கலியாணப் படம் தொங்கியது. பிரதீபன் எழுந்துபோய் அதன் முன்னால் நின்று பார்த்தார். கிறிஸ்தோபர் உயரமில்லை. சாதாரணமான முகம். காது கொஞ்சம் பெரிது. விடைபெறும்போது அருள்மலர் வண்டியின் இருக்கையைக் கையால் ஒரு தரம் தடவிவிட்டு, "செயினுக்கு மாதம் ஒருக்கால் எண்ணெய் விடுங்கோ அண்ணா" என்றா. விடுவதாகப் பிரதீபன் சொன்னார்.

மூதூருக்குத் திரும்புகிற வழியில், "என்ர அறிவு எங்க போனது அப்ராஸ்?" என்று காற்றில் கத்தினார்.

அக்கா கோயில் முற்றத்தில் வேறு பெண்களோடு இருந்து சோடனைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தா. நான் வீதியில் வண்டியோடு நின்றேன். இவர் உள்ளே போய் அவவை மரத்தடிக்குக் கூப்பிட்டார். தூரத்திலிருந்து பார்க்க, இவர்தான் கையை அசைத்து அசைத்துக் கதைத்தார். அவ கையில் நூலோடு கேட்டுக்கொண்டு நின்றா. கதைத்தது என்ன என்பதைத் திரும்பி வரும்போது சொன்னார்.

"மன்னிச்சுக்கொள் ஜெனி" என்று இவர் சொன்னதும், அவ கேட்டிருக்கிறா: "அருள் வீட்டுக்குப் போய்ட்டோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"டெஸ்ட் எடுக்கிற இடத்துக்கும் போனனீங்களோ?"

"ஓம்."

"ரெண்டு இடமும் போய் விசாரிச்சு, அவையள் சொன்னதை நம்பினாப் பிறகுதான் என்னட்ட வாறீங்கள். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பீங்களோ?"

இவரால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. அந்த இடத்திலாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு என்னிடம் சொன்னார். அவ திரும்பிப் போய்ப் பூக் கட்ட இருந்துவிட்டா.

திருவிழா முடிந்து, மகளின் பள்ளிக்கூடத்துக்காக அவ பாலையூற்றுக்கு வந்தா. வந்தாவே தவிர, சோறு, உப்பு, தண்ணீர் போத்தல், இந்த அளவுக்குத்தான் கதை. மார்கழிவரை அப்படித்தான் போனது. செப்ரெம்பரில் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தா. அந்த வேலை இரண்டு வருடத்துக்கு முன்னரே அவவைத் தேடி வந்தது. கடை முதலாளி இளம் ஆள் என்பதால் இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். இந்த முறை அவ கேட்கவில்லை. "திங்கட்கிழமையிலிருந்து போறன்" என்று அறிவித்தா. இவர் ஓம் என்றார். முதல் மாதம் முழுவதும் மருந்துக்கடைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனார். அதில் போனால் பதினைந்து நிமிடம் கூடும். பிறகு அதையும் விட்டார். தானாக விட்டாரா, அக்கா கண்டுவிட்டாவா என்று நான் கேட்கவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் பாலையூற்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பலகாரம் வந்தது. அக்காவே போன் எடுத்து, "அப்ராஸ், உங்கட அண்ணர் சுட்ட கொக்கிசு. கருகினதைப் பார்க்காமல் சாப்பிடுங்கோ" என்றா. பின்னால் அவர் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

சிவப்பு வண்டி உதிரிப்பாகத்துக்குப் போய்விட்டது. கறுப்பு வண்டியை அவருக்கே தந்துவிடுகிறேன் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டாம். அதை நீர் ஓடுறதைப் பார்க்கவும் ஏலாது, நான் ஓடவும் ஏலாது. பஸ்தான் சரி" என்றார். அதை ஒளிக்காமல் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் ஜூனில் கிறிஸ்தோபர் லீவில் வந்தார். பிரதீபனும் திருவிழாவுக்கு லீவு போட்டுப் போனார். அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்தோபரையும் அருள்மலரையும் பாலையூற்றுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொன்னது பிரதீபன்தான். நண்டு வாங்கப் போனதும் அவர்தான். மறுநாள் திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"எப்பிடி அண்ணன் சாப்பாடு?" என்று நானே கேட்டேன்.

"நல்லாப் போச்சு. சாப்பிட்டிட்டுக் கோப்பையை அவனே கழுவினான். மகளுக்கு ஒரு வர்ணப்பெட்டி கொண்டுவந்தவன். வண்டி உம்மட்ட இருக்குது எண்டு உண்மையைச் சொன்னனான். ஒண்டும் நினைக்கேல்ல, சிரிச்சான்."

"பிறகென்ன?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "அவன் நல்லவன் அப்ராஸ். ஒரு பிழையும் கண்டுபிடிக்கேலாமல் இருக்கு. ராத்திரி முழுக்க அதை நினைச்சு எனக்கு நித்திரை இல்லை."

"அக்காட்ட சொன்னீங்களா?"

"சொன்னனான். விடிய எழும்பினவுடன சொன்னனான். சிரிச்சுப்போட்டு, 'முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ, தேத்தண்ணி ஆறுது' எண்டாள்."